கல்லும் கதையும்: இரண்டு சிங்கங்கள்



சிங்கப்பூரின் பச்சை வழித்தட ரயிலில் கிழக்கு நோக்கி வருபவர் இறங்கியே ஆகவேண்டிய கடைசி நிலையம் பாசிர் ரிஸ். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது. மணல், கடல், எதிரே புலாவ் உபின். சில தலைமுறை மட்டும் ஆண்டு மறைந்த அரசமரபுகளைப் பற்றிய கருத்தரங்கைக் கடைசி நிலையத்தில் கூட்டியதில் ஏற்பாட்டாளர்களின் குறும்பு கொஞ்சம் இருக்கலாம். மண்டப வாடகை மலிவாகக் கிடைத்ததுதான் உண்மைக் காரணமாக இருக்கும்.

நீண்டு வாழ்ந்த மரபுகளுக்கு வரலாற்றாசிரியர்களின் தயவு தேவையில்லை. விசயாலயனில் தொடங்கி நானூறு ஆண்டுக்கு மேல் நீடித்த சோழர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றை வாசிக்கவே ஓர் ஆயுள் போதாது. கண்வர்களின் நிலை வேறு. நான்கு அரசர், 45 ஆண்டு என்று புராணங்கள் கணக்கை முடித்துவிட்டன. பாடநூலிலும் அவர்களுக்கு ஒரு வரிதான். ஆனால் வரலாற்றுக்காரரின் கைத்திறன் சோதிக்கப்படுவது அந்த ஒற்றை வரியில்தான். சான்று குவிந்து கிடக்கும் இடத்தில் யாரும் எழுதிவிடலாம்.

இன்று இரண்டு மரபுகள் பேசப்படவிருக்கின்றன. ஒன்று, கெடிலம் ஆற்றங்கரையில் சேந்தமங்கலத்தில் இருந்து ஆண்ட காடவர். மற்றொன்று, இந்தத் தீவில் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்து ஆண்டதாக மலாய் நூல் கூறும் ஐந்து அரசர். முன்னவர்களில் புகழ்பெற்றவன் பெயர் கோப்பெருஞ்சிங்கன். பின்னவர்கள் ஊருக்கு வைத்த பெயர் சிங்கபுரம். காடவரின் நடுநாட்டிலும் சிங்கம் கிடையாது, இந்தத் தீவிலும் கிடையாது. இல்லாத விலங்கின் பெயரில் இரண்டு அரசுகள்.

காடவர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். கூடலூரைத் தங்கள் ஊராகச் சொல்லிக்கொண்டு, பல்லவர் வழி வந்தோம் என்ற பெருமையோடு, சோழருக்கு அடங்கிய குறுநிலத் தலைவர்களாகப் பல தலைமுறை இருந்தவர்கள். ‘ஆளப்பிறந்தான்’ என்ற பட்டம் அவர்கள் குடும்பத்தில் வழங்கியது. அடங்கியிருக்கும்போதே ஆளப்பிறந்தவன் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களைச் சோழ அரண்மனை கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

கவனிக்கும் நிலையில் சோழ அரண்மனை இல்லை. 1216-இல் மதுரையில் முடிசூடிய மாறவர்மன் சுந்தர பாண்டியன், தஞ்சையையும் உறந்தையையும் எரித்துவிட்டு, பிடித்த நாட்டைச் சோழனுக்கே திருப்பித் தந்தான். ‘சோணாடு வழங்கியருளிய’ என்று அதையும் தன் புகழில் சேர்த்துக்கொண்டான். பறிகொடுத்ததைவிடத் தானமாகத் திரும்பப் பெற்றதுதான் பெரிய அவமானம். மூன்றாம் குலோத்துங்கன் அந்த அவமானத்தோடு மறைந்தான். அவனுக்குப் பின் மூன்றாம் இராசராசன். பெயரில் மட்டும் இராசராசன்.

இந்த இடைவெளியில்தான் முதல் கோப்பெருஞ்சிங்கன் எழுந்தான். வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளாற்றில் சோழனை வென்று, அரச சின்னங்களைப் பறித்து, மன்னனையும் அமைச்சர்களையும் சிறை வைத்ததாக வயலூர்க் கல்வெட்டு பாட்டாகவே சொல்கிறது. சோழன் சிறையிருந்த ஊர் சேந்தமங்கலம். நானூறு ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் வென்ற களமும் அதே தெள்ளாறுதான். ‘தெள்ளாறெறிந்த’ என்பதே அவன் அடைமொழி. பல்லவ வழியினன் என்று சொல்லிக்கொண்டவனுக்கு அதே களம் வாய்த்தது தற்செயலா, தேர்ந்தெடுத்ததா என்பதை இன்றைய அமர்வில் யாராவது எடுத்துப் பேசினால் நல்லது.

அடுத்து நடந்ததை அறிய, கடலூருக்கு அருகே திருவந்திபுரம் கோயிலுக்குப் போகவேண்டும். அங்குள்ள போசளர் கல்வெட்டு, ஹுல்ட்சு ‘எபிகிராஃபியா இண்டிகா’ ஏழாம் தொகுதியில் பதிப்பித்தது, கிட்டத்தட்ட ஒரு போர்ச் செய்தி அறிக்கை. சோழன் சிறைப்பட்ட செய்தி கேட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், அவனை மீண்டும் நாட்டில் நிலைநிறுத்தும்வரை ஓயமாட்டேன் என்று சூளுரைத்துத் துவாரசமுத்திரத்திலிருந்து கிளம்புகிறான். பாச்சூரில் தங்கிக்கொண்டு, அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரண்டு தண்டநாயகர்களை ஏவுகிறான். அவர்கள் ஊர் ஊராக அழித்துக்கொண்டு வருகிறார்கள். நடுவே பொன்னம்பலத்தில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு மறுபடி அழிக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் பாசறை. கொல்லப்பட்டோர் பட்டியலில் இலங்கைப் பராக்கிரமபாகுவின் பெயரும் வருகிறது. காடவன் தனியாள் அல்லன், கடல் தாண்டியும் அவனுக்குத் துணை இருந்தது என்பது இந்த ஒரு குறிப்பால் தெரிகிறது. சேந்தமங்கலத்தை முற்றுகையிடும் தறுவாயில் காடவன் இறங்கி வருகிறான், சோழன் விடுதலையாகிறான். இதெல்லாம் 1231-32-இல்.

ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு கல்வெட்டு. காடவன் கல் சிறைப்பிடித்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. போசளன் கல் விடுவித்ததில் போய் முடிகிறது. பத்திரிகைகளை ஒப்பிட்டுப் படித்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அடுத்தவன் இன்னும் பெரியவன். இரண்டாம் கோப்பெருஞ்சிங்கன் தன் ஆட்சியாண்டைத் தன் பெயரிலேயே எண்ணினான். இது சிறிய செய்தி போலத் தோன்றும். குறுநிலத் தலைவன் கல்வெட்டு வெட்டினால், ‘இராசராசதேவற்கு யாண்டு இத்தனை’ என்று மேலாளும் மன்னனின் ஆண்டைப் போட்டுத்தான் தொடங்குவான். அந்த இடத்தில் தன் பெயரைப் போடும் நாள்தான் அவனுடைய விடுதலை நாள். முரசு கொட்டுவதெல்லாம் பிறகு. அவன் கல்வெட்டுகளில் கிடைத்த கிழமை, நாள்மீன், திதிக் குறிப்புகளைக் கீல்ஹார்ன் கணக்கிட்டுப் பார்த்து, ஆட்சித் தொடக்கம் 1243 என்று நிறுவினார். மொத்தக் காடவர் வரலாறும் தொங்கிக்கொண்டிருக்கும் ஆணி அந்த ஆண்டுதான். தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இருவரையும் ஒருவனாகவே எண்ணினார்கள். தந்தையும் மகனும் ஒரே பெயரோடும் ஒத்த பட்டங்களோடும் திரிந்தால் அறிஞர்கள்தான் என்ன செய்வார்கள்?

இந்த இரண்டாமவனின் கல்வெட்டுகள் ஆந்திரத்தில் திரிபுராந்தகத்திலும் திராட்சாராமத்திலும் கிடைக்கின்றன. ‘சகலபுவன சக்கரவர்த்தி’ என்று பட்டம் சூட்டிக்கொண்டான். எல்லாப் புவனமும் என்பது, உண்மையில், கெடிலத்துக்கும் பாலாற்றுக்கும் இடையிலான நிலமும் அதைச் சுற்றிக் கொஞ்சமும். அந்தப் பட்டத்தைவிட அழகானது அவனுடைய மற்றொரு பட்டம்: ‘பரதம் வல்ல பெருமாள்’. தில்லைக் கிழக்குக் கோபுரத்தை நாற்றிசையும் வென்ற பொருளால் எடுப்பித்தவன் என்று அவன் கல்வெட்டு பெருமை கொள்கிறது. அந்தக் கோபுர வாயிலின் உட்சுவரில் நாட்டிய கரணங்கள் வரிசையாக, நாட்டிய சாத்திர சுலோகங்களோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. தேக்காவிலும் தெம்பனீசிலும் இன்று பரதம் கற்கும் பிள்ளைகளின் ஆசிரியர்கள் கரணங்களுக்குச் சான்று தேடிப் போகும் இடங்களில் அதுவும் ஒன்று. அதைக் கட்டியவன் பெயரை அந்த வகுப்புகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

வீழ்ச்சியை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1251-இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தர பாண்டியன் வடக்கே வந்தபோது சேந்தமங்கலம் முற்றுகையிடப்பட்டது. யானை, குதிரை, பொருள் எல்லாம் போயிற்று. பாண்டியன் நாட்டை மட்டும் திருப்பித் தந்து காடவனைத் தனக்கு அடங்கியவனாக வைத்துக்கொண்டான். அதன்பின் கல்வெட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, குரல்தான் தாழ்ந்துவிட்டது. கடைசி ஆட்சியாண்டு 36. அதாவது 1279-ஐ ஒட்டி. சோழர் மரபின் கடைசி மன்னன் மூன்றாம் இராசேந்திரன் கல்வெட்டுகளிலிருந்து மறைவதும் 1279-இல்தான்.

இந்த ஆண்டுப் பொருத்தம் வெறும் தற்செயலாகத் தெரியவில்லை. காடவர் சோழரை அழித்து எழுந்தவர்கள் என்று சொல்வது வழக்கம். அவர்கள் சோழரின் நோயில் வாழ்ந்தவர்கள் என்பதே சரி. தெற்கே பாண்டியன், மேற்கே போசளன். இருவருக்கும் நடுவே ஒரு வலுவற்ற சோழன் இருந்தவரை, எல்லோரையும் மிரட்டவும் எல்லோரோடும் பேரம் பேசவும் காடவனுக்கு இடம் இருந்தது. நோயாளி போனதும் அந்த இடமும் போய்விட்டது.

இனி இந்தத் தீவு.

துன் ஸ்ரீ லானாங் 1612-இல் ஜொகூரில் தொகுத்த ‘செஜாரா மலாயு’ சொல்வது இது: பலெம்பாங்கிலிருந்து வந்த ஸ்ரீ திரி புவனன், அதாவது சாங் நீல உத்தமன், கரையில் ஒரு விசித்திர விலங்கைக் கண்டு, அது சிங்கம் என்று கேட்டு, ஊருக்குச் சிங்கபுரம் என்று பெயரிட்டான். அவனுடைய முன்னோர் கதையில் ‘ராஜா சூலான்’ ஒருவன் கடலுக்குள் இறங்கிப் போகிறான். கடாரத்தின் மீது 1025-இல் கடற்படை அனுப்பிய இராசேந்திர சோழனின் நினைவு மங்கிப்போய் அந்தப் பெயராக நின்றிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அரச வழி ஐந்து தலைமுறை. மரபுக் கணக்கில் 1299 முதல் 1398 வரை. கடைசி அரசன் இஸ்கந்தர் ஷா ஓர் அதிகாரியின் மகளைக் கொடூரமாகக் கொல்ல, அந்தத் தகப்பன் சாங் ரஞ்சுன தாப்பா ஜாவாவின் மஜாபாகித் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான்.

போர்த்துக்கீசியர் தோமே பிரெஸ் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் கேட்டு எழுதியது வேறு கதை. பலெம்பாங்கிலிருந்து ஓடிவந்த பரமேசுவரன் இங்கிருந்த தலைவனைக் கொன்று ஐந்தாண்டு ஆண்டான், பிறகு விரட்டப்பட்டான். ஐந்து தலைமுறையா, ஐந்து ஆண்டா? ஒரே எண்ணைச் சுற்றி இரண்டு வரலாறு. சீன வணிகர் வாங் தாயுவான் 1349-இல் எழுதியதில், சயாமியக் கப்பல்கள் சுமார் எழுபது வந்து தெமாசெக் என்ற இந்த ஊரை ஒரு மாதம் தாக்கியும் பிடிக்க முடியாமல் போன செய்தி இருக்கிறது. ஆகவே ஊர் இருந்தது, மதிலோ அகழியோ இருந்தது; அரசர் பெயர்தான் உறுதியில்லை.

காடவருக்குக் கல் இருக்கிறது. சோழனுக்குக் கிடைத்த பரணியும் உலாவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, ஊர் வாயில் கதையாகவும் நிற்கவில்லை. சிங்கபுரத்துக்குக் கதை இருக்கிறது, பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், கல்தான் இல்லை. இல்லை என்பதுகூடத் தவறு. இருந்த கல்லை உடைத்தார்கள்.

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819-இல் கண்டெடுக்கப்பட்ட பெரும் பாறை சுமார் பத்தடி உயரம்; ஏறக்குறைய ஐம்பது வரி எழுத்து. 1843-இல் கட்டுமானத்துக்கு இடம் வேண்டும் என்று வெடி வைத்தார்கள். மிஞ்சிய துண்டுகளில் ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை இன்றுவரை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. 2019-இல் இயன் சின்க்ளேர் அதில் ‘கேசரிவ’ என்று படித்து, பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டத்தின் பகுதியாக இருக்கலாம் என்றார். கேசரி என்றாலும் சிங்கம்தான். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் கிடைத்தது ஒரு சொல்லின் துண்டு மட்டுமே. தமிழர் கூடியிருக்கும் அவையிலேயே இதைச் சொல்லிவிடுவது நல்லது: அந்தத் துண்டை நட்டு அதன் மேல் கோபுரம் எழுப்பவேண்டாம்.

கல் போனாலும் மண் பேசியது. 1928-இல் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியபோது கீர்த்திமுகம் பொறித்த பொன் கடகமும் பிற நகைகளும் கிடைத்தன. 1984-இல் ஜான் மிக்சிக் அதே குன்றில் முறையான அகழாய்வைத் தொடங்கினார். 2015-இல் எம்பிரஸ் பிளேஸில் எடுக்கப்பட்ட பொருள்கள் மட்டும் சுமார் மூன்று டன். ‘செஜாரா மலாயு’ வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்கள் பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் முன்னால் வாயடைத்துப் போனார்கள்.

இங்கும் அதே நோயாளிக் கணக்குதான் என்று தோன்றுகிறது. ஸ்ரீவிஜயம் தளர்ந்தபின் திறந்த இடைவெளியில் எழுந்த துறைமுகம். வடக்கே சயாம், தெற்கே மஜாபாகித். இரண்டு யானைகளுக்கு நடுவே எவ்வளவு நாள் நிற்க முடியுமோ அவ்வளவு நாள் நின்றது. நிற்க முடியாத நாளில் காடவருக்கு இல்லாத ஒரு வசதி சிங்கபுரத்தாருக்கு இருந்தது: கப்பல் ஏறி மலாக்காவுக்குப் போய்விட்டார்கள். கதையும் கூடவே போயிற்று. மலாக்காவில் அரசு நிலைத்ததால் கதையும் நிலைத்தது. சேந்தமங்கலத்தாருக்குப் போக மலாக்கா இல்லை.

இன்று கட்டுரை படிக்க இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வெட்டைச் சொல்பவர்கள் அது யார் காசில், யார் சுவரில் வெட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கதையைச் சொல்பவர்கள் அது எந்த ஆண்டில், எந்த அரண்மனைக்காக எழுதப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். ஆளுக்கு இருபது நிமிடம். மணி அடித்த பிறகு மெய்க்கீர்த்தி வேண்டாம்.

கேட்க வந்தவர்களுக்கும் ஒன்று உண்டு. ஊருக்குப் போகும்போது சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் பறப்பவர்கள் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் கொஞ்சம் விலகினால் சேந்தமங்கலம் ஆபத்சகாயேசுவரர் கோயிலைப் பார்த்துவிடலாம். முன்னால் நிற்கும் கல்குதிரைகளைத் தட்டினால் ஓசை எழும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ஸ்டாம்ஃபர்டு சாலை தேசிய அரும்பொருளகத்துக்குப் போய் உடைந்த கல்லையாவது பாருங்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அனுமதி இலவசம்.