கேட்க வேண்டிய நேரத்தில் கேளுங்கள்

(ஜூபிலி ஆண்டையொட்டி வீராம்பட்டினத்தில் கூடிய இளைஞர், இளம்பெண்கள் கூட்டத்தில் ஓர் ஆசிரியை ஆற்றிய உரை)

 

"திருமணம் எப்போது? திருமணம் வேண்டுமா?" என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கூட்டத்துக்கு முன்பே, பெயர் போடாமல் உங்கள் கருத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டிருந்தோம். அவற்றை எல்லாம் படித்தேன். படிப்பை முடித்து ஒரு வேலையில் அமர்ந்த பிறகே திருமணம் என்று பெண்பிள்ளைகள் பலர் எழுதியிருக்கிறார்கள். தங்கையைக் கரை சேர்த்து, படகுக் கடனையும் அடைத்த பிறகுதான் என்று பையன்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். "இருபத்தைந்துக்குள் முடியாவிட்டால் ஊர் பேசும்" என்கிறது ஒரு சீட்டு. "எனக்குத் திருமணமே வேண்டாம். சொன்னால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள்" என்கிறது இன்னொன்று. இவற்றில் ஒன்றுகூட விளையாட்டாக எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

பெரியோர் சிலர், "எங்கள் காலத்தில் இப்படிக் கேள்வியெல்லாம் இருந்ததில்லை" என்பார்கள். கேள்வி இருந்தது, அதைக் கேட்க இடந்தான் இருக்கவில்லை. நம் புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை வாழ்ந்த பாரதியாரையே எடுத்துக்கொள்வோம். 1897-ஆம் ஆண்டு அவருக்கு மணமானபோது வயது 14. மணமகள் செல்லம்மாவுக்கு வயது 7. ஏழு வயதுக் குழந்தையிடம் என்ன சம்மதம் கேட்டிருக்க முடியும்? அதே பாரதியார் பின்னாளில் பெண் விடுதலையைப் பற்றி எழுதியபோது, பருவமடையும் முன் பெண்ணை மணமுடித்துக் கொடுக்கக் கூடாது, விருப்பமில்லாதவனை மணக்கும்படி வற்புறுத்தக் கூடாது என்று வரிசையாகக் கூறினார். மணமே செய்துகொள்ளாமல், ஒரு தொழில் செய்து கௌரவமாக வாழ விரும்பும் பெண்ணுக்கு அதற்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று அந்த வரிசையிலேயே சேர்த்தார். ஆகவே, அந்தக் கடைசிச் சீட்டை எழுதிய பிள்ளை யாராயிருந்தாலும் சரி, உன் கேள்வி நேற்று முளைத்த ஒன்றல்ல. பத்து ஆண்டுகள் நம் ஊர்ப் பக்கத்தில் குடியிருந்தவரே அதற்காக வாதாடியிருக்கிறார்.

இன்னொருவர், புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்துகொள்ளச் சம்மதித்தபோது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனையை முன்வைத்தே சம்மதித்தார். அக்கால வழக்கப்படி அது மிகவும் தாமதமான திருமணம். அதனால் அவர் வாழ்வு கெட்டுவிட்டதா? சட்டமன்றத்திலும் பணியாற்றினார், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் தோற்றுவித்தார்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். சாரதா சட்டம் என்று பெயர் பெற்ற குழந்தை மணத் தடைச் சட்டம் 1929-இல் நிறைவேறியது. பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயதை வரையறுத்தது. 1930 ஏப்ரல் முதல் தேதிதான் அது நடைமுறைக்கு வரும் என்றதும், இடைப்பட்ட மாதங்களில் நாடெங்கும் பச்சைக் குழந்தைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டினார்கள். அதற்குப் பிறகும், அச்சட்டம் செல்லாத சமஸ்தானங்களுக்கும் பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் போய் மணமுடித்து வந்தவர்கள் உண்டு. பெண்ணின் வயது 1949-இல் 15 ஆயிற்று. 1978-இல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்றானது. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அதே வயதை வைத்துக்கொண்டு தண்டனையைக் கடுமையாக்கியது.

அதில் நம் புதுச்சேரிக்கென்று ஒரு தனி வரி இருக்கிறது. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதே அது. அந்தப் பிரெஞ்சுச் சட்டம் நெப்போலியன் காலத்திலிருந்து பெண்ணுக்கு 15 என்றே வைத்திருந்தது. பிரான்சு நாடே அதைப் போதாதென்று கண்டு, அதே 2006-இல் 18 ஆக உயர்த்திக்கொண்டது. பெண்ணின் வயதை 21 ஆக்க 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது. 2024-இல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. ஆகவே இன்றும் 18, 21 என்பதே சட்டம்.

பதினெட்டு என்பது அதற்குக் கீழே கூடாது என்ற எல்லை. பல வீடுகளில் அதைத் தவறாகப் படிக்கிறோம். "பதினெட்டு ஆகிவிட்டதே, இன்னும் ஏன் வைத்திருக்கிறாய்?" என்று சொந்தக்காரர் கேட்கும்போது, எல்லையே கெடுவாகிவிடுகிறது. அச்சம் வந்தால் அந்த எல்லையையும் தாண்டிவிடுகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்துபோன பிறகு, கடற்கரை ஊர்களில் வயது நிரம்பாத பெண்களை அவசரமாக மணமுடித்த செய்திகள் வந்தன. 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோதும் அப்படியே. துன்ப காலத்தில் பெற்றோர் மனத்தில் எழும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கான விலையைக் கொடுத்தவள் படிப்பை இழந்த மகள்தான்.

நம் போன்ற ஊர்களுக்கு வருவோம். பையன் பதினாறு, பதினேழு வயதில் புத்தகப் பையை வைத்துவிட்டுப் படகில் ஏறிவிடுகிறான். அவனோடு படித்த பெண் பேருந்து ஏறிக் கல்லூரிக்குப் போகிறாள். ஐந்து ஆண்டு கழித்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கூச்சப்படுகிறார்கள். "படித்தவள் என்னை மதிப்பாளா?" என்று அவனுக்குச் சந்தேகம். "படித்ததெல்லாம் வீணாகிவிடுமா?" என்று அவளுக்குச் சந்தேகம். இதைச் சொல்லித் தீர்த்துக்கொள்ள ஓர் இடமும் இல்லை.

கடல் தொழிலில் வருமானம் மாதச் சம்பளம்போல் வருவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. படகு, என்ஜின், வலை என்று கடன் வளர்கிறது. அதற்கு மேல் தங்கைக்குப் போட வேண்டிய நகை. வரதட்சணையை 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடை செய்துவிட்டது. நாம் அதற்குச் சீர் என்று பெயர் மாற்றி வைத்துக்கொண்டோம். அண்ணனுக்கு வாங்கித் தங்கைக்குக் கொடுக்கிறோம். வருகிற மருமகள் வீட்டார் அதற்காக இன்னொரு கடன் வாங்குகிறார்கள். திருமணம் எப்போது என்ற கேள்விக்குப் பையன்கள் எழுதிய விடை பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான். இந்தச் சங்கிலியை ஏதாவது ஒரு வீடு முதலில் அறுத்தால்தான் அடுத்த வீடு மூச்சு விடும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே, அதை வேறு எந்த மனித அதிகாரமும் அவர்களுக்காகக் கொடுக்க முடியாது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். வற்புறுத்தலாலும் பெரும் அச்சத்தாலும் நடந்த திருமணம் செல்லாது என்றும் அது கூறுகிறது. அதனால்தான் பீடத்தின் முன் குருவானவர், "முழு மனத்தோடு, வற்புறுத்தல் இன்றி வந்திருக்கிறீர்களா?" என்ற கேள்வியைக் கேட்கிறார்.

ஆனால், யோசித்துப் பாருங்கள். பெண் பார்த்து, தட்டு மாற்றி, மூன்று ஓலையும் வாசித்து, மண்டபத்துக்குப் பணம் கட்டி, பந்திக்கு அரிசி கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கேட்கப்படும் அந்தக் கேள்விக்கு எந்தப் பெண் "இல்லை" என்று சொல்வாள்? எந்தப் பையன் சொல்வான்? கேள்வி சரியான கேள்விதான். அதை வீட்டில் முன்கூட்டியே கேட்காததுதான் குறை. "வேண்டாம்" என்று சொன்னால் யாருக்கும் நஷ்டமோ தலைகுனிவோ வராத நேரத்தில் கேட்க வேண்டும். அப்போது கிடைக்கும் "சரி"க்குத்தான் மதிப்பு உண்டு.

ஆகவே பெற்றோரிடம் என் வேண்டுகோள்: தரகரிடமும் தாய்மாமனிடமும் வாய் திறக்கும் முன், பிள்ளையைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். அத்தை, சித்தி எல்லாரும் சூழ நிற்கும்போது கேட்பது கேட்பதாகாது. "இப்போது வேண்டாம்" என்றால், "சரி, எத்தனை நாள் வேண்டும்? அதற்குள் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேளுங்கள். "வேண்டவே வேண்டாம்" என்றால் அழுது மிரட்டாதீர்கள். ஓராண்டு கழித்து மறுபடியும் அமைதியாகப் பேசுங்கள்.

இளைஞர்களே, உங்களுக்கும் கடமை உண்டு. தள்ளிப்போடக் கேட்பவர்கள், எதற்காக என்று தெளிவாகச் சொல்லுங்கள். மனத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, படிப்பைச் சாக்காகச் சொல்லாதீர்கள். தம்பிமாரே, பெண் பார்க்கப் போகும்போது உங்கள் கடனை மறைக்காதீர்கள். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு மனமிருக்கிறதா என்று நீங்களே அவளைக் கேளுங்கள். அவள் தயங்கினால் பின்வாங்குவது உங்களுக்கு அவமானமாகாது. அது அவளுக்கு நீங்கள் செய்யும் உதவி.

ஊராரிடம் ஒரு வார்த்தை. முப்பது வயது கடந்து திருமணமாகாமல் இருக்கும் ஆணும் பெண்ணும் நம்மிடையே உண்டு. வயதான தாயைப் பார்த்துக்கொள்பவர்கள், தம்பி தங்கைகளைப் படிக்க வைப்பவர்கள், தம் விருப்பத்தால் தனித்திருப்பவர்கள் எல்லாரும் இதில் அடக்கம். திருவிழாவில் அவர்களைப் பார்த்ததும், "இன்னும் ஆகவில்லையா?" என்று கேட்பதை இந்த ஜூபிலி ஆண்டோடு நிறுத்துவோம். வேலை எப்படிப் போகிறது, அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்போம். பங்குப் பேரவையிலும் பாடற்குழுவிலும் அவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுப்போம்.

திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் தாய் தந்தையரில் ஒருவராவது இந்த வாரத்தில் தம் மகளையோ மகனையோ அழைத்து, "உன் மனத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்டு, விடை வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தால், நான் இங்கு வந்து பேசியதற்குப் பலன் கிடைத்ததாக மகிழ்வேன்.