அம்மியின் பிள்ளை



அம்மி என்று நாம் ஒரு பெயர் சொன்னாலும் கற்கள் இரண்டு. கீழே கிடப்பது அம்மி. அதன்மேல் உருள்வது குழவி. சென்ற தவணையிலே தரம் ஒன்பது மாணவர்களுக்குச் சொல்வதெழுதலில் இந்தச் சொல்லைக் கொடுத்தேன். பாதிப் பேருக்குமேல் 'குளவி' என்று எழுதியிருந்தார்கள். ளகர ழகர மயக்கம் என்று சிவப்பு மையால் கீறிவிட மனம் வரவில்லை. கொழுந்து மலையிலே குளவி கொட்டித் தாயோ பெரியம்மாவோ ஆஸ்பத்திரியில் கிடந்தது அவர்களிற் பலருக்குத் தெரிந்த சங்கதி. குழவியைத்தான் தெரியாது. லயத்துக் காம்பிராக்களிலும் கிரைண்டர் வந்துவிட்டது. அம்மி இப்போது கலியாணத்திலே மணமகள் மிதிப்பதற்கு மட்டுமே தேவைப்படுகிறது.

குழவி என்றால் குழந்தை. தொல்காப்பிய மரபியல் இப்பெயரை யானைக்கன்றுக்கும் மனிதப் பிள்ளைக்கும் உரியதாக்குகிறது. அம்மியின் மடியிலே புரளும் கல்லைப் பிள்ளையாகக் கண்டு யாரோ ஒருத்தி இப்பெயரை இட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒருத்தி என்றே சொல்கிறேன். அரைத்தறியாத ஆணுக்கு இது தோன்றியிராது.

தமிழருக்கு மட்டும் தோன்றியதுமன்று. மெக்சிக்கோவிலே சுண்ணாம்பு நீரில் ஊறவைத்த மக்காச்சோளத்தை அரைக்கும் கால்வைத்த கல்லை மெட்டாட்டே என்பர். அஸ்தெக்கு மக்களின் நாவாட்டில் மொழியிலே அது மெட்லாட்ல். மேலே உருளும் கல் மெட்லபில்லி. 'பில்லி' என்றால் பிள்ளை, கல்லின் பிள்ளை! இந்த ஒலியொற்றுமை தற்செயலானது. அதைக் கொண்டு நம்மவர் எவரும் அஸ்தெக்கரோடு உறவு கொண்டாடப் புறப்பட வேண்டாம். பொருளொற்றுமையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அங்கும் அரைத்தவர்கள் பெண்கள். முழந்தாளிட்டு மணிக்கணக்காய் அரைத்தவர்கள்.

இங்கே நம் பெண்கள் பகலெல்லாம் கொழுந்தெடுத்து, நிறுவை முடித்து வந்து, இஸ்தோப்பிலே குந்தி ரொட்டிக்குச் சம்பல் அரைத்தார்கள். அம்மியைப் புகழ்ந்து கவிதை எழுதும் ஆண்கள் ஒரு வாரம் மிளகாய் அரைத்துப் பார்க்கலாம். கிரைண்டர் வந்தது நல்லதே. கல்லோடு சேர்ந்து சொல்லும் போகிறதே என்பதுதான் என் கவலை.

அந்தக் கல்லின் பாரத்தை என் அப்பாயி சொல்லித்தான் அறிந்தேன். 1964 ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. போகிறவர்களைக் கேளாமற் போட்ட கணக்கு அது. எழுபதுகளிலே அப்பாயியின் தங்கை குடும்பமும் ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னாரில் கப்பலேறியது. பித்தளைக் குடத்துக்குள் துணிமணியைத் திணித்துக்கொண்டார்களாம். அம்மியைத் தூக்க முடியாது. சின்ன அப்பாயி குழவியை மட்டும் பழைய சேலையிலே சுற்றி எடுத்துக்கொண்டார். இலங்கையிலிருந்து திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் நீலகிரியிலே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அவர்களுக்கு வேலை கிடைத்தது. மீண்டும் கொழுந்துதான்.

விட்டுப்போன அம்மியை அப்பாயி தம் இஸ்தோப்புக்குக் கொண்டுவந்தார். ஓடையிலே தேடி எடுத்த நீளக்கல் ஒன்றை அதற்குக் குழவியாக்கினார். அது கடைசிவரை பொருந்தி வரவில்லை. மிளகாய் விதை நசியாமல் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும் என்பார்.