அழைப்பு வந்தால்தான் வேளையா?

இன்று இறையியல் பட்டம் பெறும் தம்பி தங்கைகளே,

கேமரன் மலையில் நின்று திருச்சபையைப் பற்றிப் பேசுகிறவர் 1951-ஐத் தாண்டிப் போக முடியாது. சீனாவை விட்டு வெளியேறிய மிஷனரிகள், அடுத்து எங்கே என்று தவித்த காலம் அது. மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் அவசரகாலம். கிளர்ச்சிக்காரர்களுக்கு உதவி போகாமல் தடுக்க வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் பிரிட்டிஷ் அரசு குடியமர்த்திக்கொண்டிருந்தது. சீன மொழி தெரிந்த மிஷனரிகளை அந்த அரசே அழைத்தது. சீன உள்நாட்டு மிஷன் வந்தது. மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக இங்கே தானா ராத்தாவில் சீஃபூ பள்ளி எழுந்து, 2001 வரை நடந்தது. புதுக்கிராமங்களில் மருந்து கொடுத்தார்கள், பாடம் சொன்னார்கள். நல்ல பணிதான். ஆனால் வேலி போட்டவனே கூட்டிவந்த ஆட்கள் என்ற சந்தேகமும் உள்ளே இருந்தவர்களுக்கு இருந்தது.

அடுத்து 1969. மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்ற சட்டம் இறுகியது. தோட்டத்து லயத்திலேயே ஆயுளைக் கழித்தவர்கள் கையில் குடியுரிமை இல்லை என்று காட்டும் சிவப்பு அடையாள அட்டை. ஏறக்குறைய 60,000 பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். பினாங்குத் துறையில் ரஜூலா கப்பல் ஏறிய குடும்பங்களில், நாகப்பட்டினத்தைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகளும் இருந்தார்கள். பிறப்புப் பத்திரம் தேடவும் படிவம் நிரப்பவும் ஆள் கிடைத்திருந்தால் சிலராவது இங்கேயே தங்கியிருப்பார்கள். தமிழ் மெதடிஸ்ட் ஆண்டு மாநாடு என்ற சபை அமைப்பு 1968-இல்தான் உருவாகியிருந்தது. அது சின்னச் சபை, கையில் பணமும் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1951-இல் இருந்த வேகம் 1969-இல் இல்லாமற்போனதற்கு, இம்முறை எந்த அரசும் அழைக்கவில்லை என்பதே முதல் காரணம் என்பது என் கணிப்பு.

ஒரு பணிக்கு வேளை வந்துவிட்டதா என்று கேட்கும்போது, கதவு திறந்திருக்கிறதா என்பதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். யார் திறந்தார்கள், எதற்குத் திறந்தார்கள் என்பதைப் பார்ப்பதில்லை.

இன்று மலைச்சரிவில் கொழுந்து எடுப்பது யார்? இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக இயந்திரத்தைப் பிடித்துச் செடியின் தலையைச் சீவிக்கொண்டே போகிறார்கள், பின்னால் பை உப்பிக்கொண்டு வருகிறது. நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். நம் பாட்டன்மார் கங்காணியிடம் முன்பணக் கடன் பட்டு வந்தார்கள், இவர்களில் பலர் ஏஜெண்டுக்குக் கடன் பட்டு வருகிறார்கள். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்துவைப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இருந்தும் இந்நாட்டில் எத்தனையோ முதலாளிகளின் அலமாரியில் அவை பூட்டிக் கிடக்கின்றன.

இந்தத் தொழிலாளிகளுக்கு உதவினால் உங்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் சேராது. பலர் முஸ்லிம்கள். அவர்களிடையே பிற மதப் பிரசாரத்தைக் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4) பிரிவே இடம் தருகிறது. பெர்மிட் முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள், காணிக்கையும் வராது. திருச்சபைக்கு இலாபமே இல்லாத இந்த இடத்தில் வேளையைப் பற்றி நாம் ஏமாற வாய்ப்பு குறைவு.

ஆகவே, போகிற ஊரில் முதல் வாரமே தொழிலாளர் இலாகா எங்கே என்று விசாரித்து வையுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் எது, ஓவர்டைம் எது என்று படிக்கப் பழகுங்கள். யாராவது ஒருவர் நேப்பாளி கற்றுக்கொள்ளுங்கள். தோட்ட நிர்வாகி தேநீருக்கு அழைத்தால் தாராளமாகப் போங்கள், போன இடத்தில் கடப்பிதழ்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டுவிட்டு வாருங்கள்.