பூதமும் வேதாளமும் நம் பிள்ளைகளும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பூதத்தையும் வேதாளத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆண்டு விழாவில் பேசத்தக்க பொருளா இது எனச் சிலர் புருவம் நெரிக்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த ஹாரி பாட்டர் கதையின் மாய விலங்குகளையெல்லாம் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். கழுகின் தலையும் குதிரையின் உடலும் கொண்ட விலங்கொன்று அதில் வருகிறது. அதன் முன் நாம் தலைவணங்க வேண்டும்; அதுவும் திரும்ப வணங்கினால்தான் நெருங்கலாம். அழகிய கற்பனை, அதை நான் குறை கூறேன். ஆனால் அதே பிள்ளையிடம் சதுக்கப் பூதத்தைப் பற்றி வினவினால் திருதிருவென விழிக்கிறான்.

புகார் நகரத்து ஐந்து மன்றங்களைச் சொல்கிறார் இளங்கோவடிகள். அவற்றுள் ஒன்றில் உறையும் பூதம், பொய்த்தவம் புரிவோரையும் பொய்ச்சான்று உரைப்போரையும் கயிற்றால் கட்டி அறைந்து உண்ணுமாம். மற்றொன்றில் ஒரு பாவை நிற்கிறது. அரசன் முறை தவறினால் அது வாய் திறவாது. கண்ணீர் மட்டும் சொரியும். பூதத்தினும் இப்பாவையே எனக்கு அச்சம் தருவது.

வேதாளமோ வினாத் தொடுக்கும். விடை அறிந்தும் கூறாதவன் தலை வெடிக்கும். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தம் கதைக்கடலில் சேர்த்த இருபத்தைந்து கதைகளை, 1947இல் தோன்றிய 'அம்புலிமாமா' திங்கள்தோறும் புதிது புதிதாய் வளர்த்துப் பல்லாண்டு நடத்திற்று. தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமன் நடக்கும் சங்கரின் ஓவியத்தை இங்குள்ள தாத்தாமார் மறந்திருக்கமாட்டார்கள். அவ்விதழ் இன்று வெளிவருவதில்லை.

நம் தீவுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, அந்தமானில் நாய்த்தலை மனிதர் வாழ்வதாகச் சொல்லி வைத்தார். இம்மண்ணின் தொல்குடியினரைத்தான், நேரில் பழகாமலே, அவ்வாறு விலங்காக்கினார்! மணிமேகலையில் வரும் சாதுவனோ கலம் உடைந்து, மரத்துண்டைப் பற்றி நாகர் மலையை அடைகிறான். அவனை உண்ண வருகின்றனர் நாகர். அவர்கள் மொழியை அவன் அறிந்திருந்தான், அம்மொழியிலேயே பேசினான். உடனே அவர்கள் விலகி வணங்கித் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். அம்மலை நக்கவாரத் தீவே என்பாரும் உளர். நான் அதனை வற்புறுத்தவில்லை. மொழி ஒன்றானதும் அரக்கர் மனிதராயினர் என்பதே நான் கண்ட சுவை.

இத்தீவுகளிலேயே 2010 ஜனவரியில் போவா என்னும் மூதாட்டியார் மறைந்தார். அகா-போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். தம் மொழியில் உரையாட ஆளின்றிப் பறவைகளோடு பேசுவார் என்று மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி கூறியிருக்கிறார். பறவைகளை முன்னோராகக் கருதும் கதை அவர் இனத்தாரிடம் உண்டு. அக்கதையை அகா-போ மொழியில் சொல்ல இன்று எவருமில்லை.

தமிழுக்கு அந்நிலை வருமென்று நான் அச்சுறுத்தவில்லை. கடலுக்கு அப்பால் கோடிக்கணக்கானோர் பேசுகின்றனர். என் கவலை நம் குடியிருப்பைப் பற்றியது. தெருவில் இந்தி, பாடநூலில் ஆங்கிலம். தமிழ், சோறு கேட்கும் மொழியாக அடுக்களையில் நிற்கிறது. 'பாடம் படி' என்றால் ஓடும் பிள்ளை, 'பூதம் என்ன செய்தது தெரியுமா?' என்றால் மடியில் வந்து அமர்கிறது. விளக்கணைக்கும் முன் ஒரு கதை, பாதியில் நிறுத்திவிடுங்கள். மீதியை அறியத் தமிழ்ப் புத்தகத்தை அவனே தேடட்டும்.

திரைக்குப் பின்னே வேதாள வேடமிட்ட சிறுவன் வெகுநேரமாகக் காத்திருக்கிறான். அரிதாரம் கலைகிறது என்று அவன் அன்னையார் சைகை காட்டுகிறார். அவனுக்கு மேடையை விட்டு அமர்கிறேன்.