ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம்

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தில் நாலைந்து வரிகள்தான் இருக்கும். பெரிய பொட்டலம் என்றால், முழுவதையும் 1 லிட்டர் குடிநீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து. கூடினால் பலன் குறையும். ‘தேவையான அளவு நீர்’ என்பது சமையல் குறிப்புக்குப் போதும், இங்கே போதாது.

பொட்டலமே எட்டாத ஊர்களில்? வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980-இல் வீடு வீடாகச் சென்று, இந்தக் கரைசலை வீட்டிலேயே செய்வதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. அளவுகள் கைக்கு மாறின: மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். பெண் பணியாளர்கள் தாய்மாரோடு உட்கார்ந்து, அவர்கள் கையாலேயே கரைக்கச் செய்தார்கள். பேச்சு எடுபடுவதற்கு அரிஸ்டாட்டில் பிரித்துச் சொன்ன மூன்றும், அதாவது சொல்பவர் மேல் நம்பிக்கை, கேட்பவரின் உணர்வு, சொல்லின் நியாயம், அங்கே ஒன்றாகக் கூடின. பத்தே ஆண்டுகளில் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளை இந்தப் பயிற்சி எட்டியது. மிகச் சிறப்பான ஏற்பாடு சம்பளத்தில் இருந்தது. பின்னால் வேறொருவர் சில வீடுகளுக்குப் போய்த் தாய்மாரைக் கேட்டுப் பார்ப்பார். அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்களோ, சொல்லிக்கொடுத்தவருக்கு அதற்கேற்ற ஊதியம்.