பழுப்புப் பல் யார் குற்றம்?

(புக்கிட் மெர்தாஜாம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீடு என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். ஒரு குடும்பத்தின் பல்லால் லயத்தில் சண்டை வந்தது. ஒரு பெண்ணின் கலியாணப் பேச்சும் முறிந்தது. அதனால்தான் பேசுகிறோம்.

குடும்பத்தின் பெயரைச் சொல்லமாட்டோம். பாட்டிக்கு முப்பது வயதிலேயே பல் ஈறுவரை தேய்ந்து போயிற்று. மகனுக்கும் அப்படியே. அவருக்கு நான்கு பிள்ளைகள். இருவருக்குப் பல் முளைக்கும்போதே தேன் நிறம். வெளிச்சத்தில் பார்த்தால் நீலம் கலந்த சாம்பல். ஊர் என்ன சொல்லிற்று? பல் விளக்காத வீடு என்றது. தாய் சீனியை அள்ளிக் கொடுத்தாள் என்றது. பாட்டி போட்ட வெற்றிலை பேரப்பிள்ளை வரைக்கும் இறங்கிவிட்டது என்றாரே ஒரு பெரியவர், அவர் ஆராய்ச்சியே ஆராய்ச்சி! சொந்தத்தில் கட்டியதால் வந்த சாபம் என்றும் சிலர் பேசினார்கள். அந்த வீட்டுச் சிறுமி இப்போது வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசுகிறாள்.

தோழர்களே, நம் பெற்றோர் பெரட்டுக்குப் போகும்போது எடுத்துச் சென்ற எனாமல் குவளையை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லுக்கும் மேலே வெள்ளையாய், கல் போல ஒரு பூச்சு உண்டு. அதற்கும் எனாமல் என்றே பெயர். அதற்கு உள்ளே, பல்லின் பெரும் பகுதியாக இருப்பது டென்டின். குவளையில் பூச்சு பெயர்ந்தாலும் உள்ளே இரும்பு நிற்கும். இந்தப் பிள்ளைகளின் பல்லிலோ, தாங்கி நிற்கவேண்டிய டென்டினே சரியாக இறுகவில்லை. ஆகவே மேல்பூச்சு சில்லுச் சில்லாய்ப் பெயர்கிறது. பிறகு சோறு மெல்லுவதே அரம் போட்டு ராவுவது போலாகிவிடும். பாற்பல்லில்தான் சேதம் அதிகம். இது சொத்தையுமல்ல, அழுக்குமல்ல. எத்தனை முறை விளக்கினாலும் நிறம் போகாது.

இதற்கு டென்டினோஜெனிசிஸ் இம்பெர்பெக்டா என்று பெயர். ஆறாயிரம் முதல் எட்டாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது வைத்திய நூல்களின் கணக்கு. டென்டினை உண்டாக்கும் ஒரு புரதத்துக்கான கட்டளை நம் உடலின் நான்காம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பிழை நேர்ந்தால் இந்த நோய் வரும் என்பதை 2001-இல் சீனக் குடும்பங்களை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். காசைச் சுண்டிப் போடுவது போலத்தான். ஆணென்றும் பெண்ணென்றும் அது பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் தெற்கே, புகையிலை பயிரிட்ட சீமையில், பிராண்டிவைன் என்ற ஊரை ஒட்டி ஒரு சிறு சமூகம் பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து, பெண் எடுத்து வந்தது. அவர்களிடையே இந்த நோய் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குப் பெருகியிருந்தது. 1956-இல் அவர்களைப் பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. உடனே, "சொந்தத்தில் கட்டியதுதானே காரணம்?" என்பீர்கள். அல்ல. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், அந்நியத்தில் கட்டினாலும் பிள்ளைக்கு வரும். வெளியே போகாத கூட்டத்தில் ஒரு வமிசத்தின் நோய் அங்கேயே தங்கிப் பெருகிற்று, அவ்வளவே.

இனி அந்தக் கலியாணத்துக்கு வருவோம். நிராகரிக்கப்பட்ட பெண் அந்தச் சிறுமியின் மூத்த அக்காள். அவளுக்குப் பல் முத்துப் போல இருக்கிறது! தம்பி தங்கையைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். இந்த நோய் ஒளிந்திருந்து தாவுவதில்லை. பல் நல்லதாயிருப்பவள் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. இல்லாத நோய்க்காக ஒரு பெண்ணைத் தள்ளினார்கள். பழுப்புப் பல் உள்ளவள்தான் என்ன பாவம் செய்தாள் என்பது வேறு கேள்வி.

வைத்தியம் உண்டா? வேரோடு தீர்க்கும் மருந்து இல்லை. பல்லைக் காக்கும் வழி உண்டு. கடைவாய்ப் பற்கள் முளைத்துத் தேயத் தொடங்குமுன்பே எஃகு உறை மாட்டுகிறார்கள். முன்பற்களுக்குப் பல்நிறப் பசையால் முகம் வைக்கிறார்கள். ஆறு வயதில் நிரந்தரக் கடைவாய்ப்பல் வந்ததும் அதையும் கவனிக்கவேண்டும். சும்மா விட்டால் பல் குட்டையாகி, மேல்தாடையும் கீழ்த்தாடையும் நெருங்கி, இளம் முகம் கிழமுகமாகும். உள்ளே நரம்புக் குழல் தூர்ந்துபோவதால், சீழ் வைத்தபின் வேர் வைத்தியம் செய்வதும் கடினம். ஆகையால் வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்தத் தகப்பனாருக்கு இருபத்திரண்டு வயதில், "எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் கட்டிக்கொள்" என்று ஒருவர் யோசனை சொன்னார், பிடுங்கிக்கொண்டார். பல் போன தாடையெலும்பு கரைந்து, இன்று பொய்ப்பல்லும் ஆடுகிறது.

ஒன்று முக்கியம். இத்தகைய பல்லோடு, சிறு தடுக்கலுக்கே எலும்பு முறிகிறதா, கண்ணின் வெள்ளை நீலம் பாரிக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது எலும்பு நோயோடு சேர்ந்த வகை. டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் தாதியரை நியூசிலாந்து முறையில் பழக்க, 1940-களின் இறுதியிலேயே நம் பினாங்கில் பள்ளி தொடங்கியது. பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைப் பல் நிபுணர்களும் இருக்கிறார்கள். வசதி இல்லாமலில்லை, போய்வர ஒரு நாள் வேண்டும், அதுதான் இல்லை. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தொழிலாளிக்குப் பல் நோயென்றால் பல் வைத்தியர் சீட்டுக்கும் சம்பளத்தோடு சிக் லீவு உண்டு. பிள்ளையை அழைத்துப்போகும் தாய்க்கு அப்படி எழுதப்படவில்லை. அன்று அவள் வெட்டாத மரம் அவள் சம்பளத்திலிருந்து போகிறது. உறை மாட்டிய பிள்ளையை ஒருமுறை காட்டினால் போதாது, அடிக்கடி காட்டவேண்டும். எத்தனை நாள் சம்பளத்தை அவள் இழப்பாள்? பிள்ளையின் கிளினிக் நாளைச் சம்பள நாளாக எழுதவேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் மறுபடியும் வைப்போம்.

இதற்கிடையில், பிள்ளையின் முதல் பல்லே பழுப்பாகவோ சாம்பலாகவோ முளைத்திருந்தால், பெரட்டு முடிந்ததும் ஆபீசுக்கு வந்து எங்களிடம் சொல்லுங்கள். வீட்டில் இன்னும் யார் யாருக்கு அப்படி என்பதையும் சொல்லுங்கள். டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார். கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தருகிறோம். கூட வர ஆளில்லையென்றால் நாங்களே வருகிறோம்.