பல்லில் இல்லாத பல்வலி

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இஞ்சினியர் வந்தால் பம்பு, மோட்டார் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் தாடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன் எனக்கு வலது கடைவாயில் வலி. காதுக்குள் குத்தல். கொட்டாவி விட்டால் 'டக்'கென்று சத்தம். "கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டா சரியாப் போயிடும்" என்றார்கள். பிடுங்கினேன். பல் போனது, வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுக்கலாம் என்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மோட்டாரில் பேரிங் திரும்பத் திரும்பப் போனால், பேரிங்கையே மாற்றிக்கொண்டா இருப்போம்? அலைன்மென்ட்டை அல்லவா பார்ப்போம்!

பிறகு, தாடை வலி, முக வலிக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு பல் மருத்துவரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் அரைமணி நேரம் கேள்விதான். "வேலை டென்ஷனில் பல்லைக் கடிப்பீங்களா?" என்றார். காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினார். துள்ளிவிட்டேன்.

பல், தாடை மூட்டு, மெல்லும் தசை எல்லாவற்றின் வலியும் ஐந்தாம் மூளை நரம்பு வழியாகவே போகிறது. கேபிள் ஒன்று என்பதால், தசையில் உள்ள வலி பல்லில் இருப்பதுபோல் தோன்றும். தாடை மூட்டுக்கும் காதுவலிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் 1934-லேயே எழுதினார். ஆனால் அந்த நாட்டிலேயே இது பல் மருத்துவத்தின் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது 2020-ல்தான். நம் நாட்டில் வாய் மருத்துவத்தில் எம்.டி.எஸ். படித்தவர்களிடம் இதற்குப் போகலாம்.

மெதுவான சாப்பாடு, வெந்நீர் ஒத்தடம், தாடைப் பயிற்சி, இரவில் பல்லுக்கு ஓர் உறை. மூன்று மாதத்தில் வலி அடங்கியது. பிடுங்கிய பல் மட்டும் வரவில்லை.

நம் ஊரில் இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இங்கே முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. மூச்சடக்கி மூழ்கிய காலம் மாறி, படகிலுள்ள கம்ப்ரசர் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு கடலடியில் வேலை செய்கிறார்கள். அப்படிக் கடித்தே தாடை வலி வருவது உலகெங்கும் முக்குளிப்போரிடம் கண்ட விஷயம். திரேஸ்புரத்தில் ஓர் அண்ணாச்சியிடம் கேட்டேன். "வலிக்கத்தான் செய்யும் தம்பி. ரெண்டு பல்லைப் பிடுங்கியாச்சு" என்றார். "வலி போச்சா அண்ணாச்சி?" என்றேன். சிரித்தார்.

தம்பி தங்கைகளே, அழுத்திக் கடிக்காமலே வாயில் நிற்கும் ஒரு குழாய் முனை செய்ய முடியுமா? புராஜெக்ட் தேடுகிறவர்கள் யோசியுங்கள்.

மற்றவர்களுக்கு இரண்டு வார்த்தை. எக்ஸ்ரேயில் பல் நன்றாயிருந்தும் வலித்தால், பிடுங்கும் முன் இன்னொருவரைக் கேளுங்கள். மாடி ஏறும்போது தாடை வலித்தால், பல் டாக்டரிடம் போகாமல் உடனே இதய மருத்துவரிடம் போங்கள்.

இந்த நிமிடம் உங்கள் பற்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா? உதடு மூடியிருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும்.